புதுக் குதிரை வந்தால் முதல் மூன்று வாரம்

"பார்க்க நல்லாத்தானே இருக்கு டாக்டர், எதுக்குத் தனியா கட்டணும்?" புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்.

நோய்க்கிருமி உள்ளே போனதும் குதிரை படுத்துவிடுவதில்லை. இன்ஃப்ளூயன்சா 1 முதல் 3 நாளில் தெரிந்துவிடும். கீழ்த்தாடையில் கட்டி வந்து சீழ் பிடிக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் வெளியே தெரிய 3 முதல் 14 நாள் வரை ஆகலாம். ஹெர்பிஸ் வைரஸ் உடம்புக்குள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து, நீண்ட பயண அலுப்பில் விழித்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டு வாரம் போதாது, மூன்று வாரம் தனியாக வையுங்கள் என்கிறேன்.

தனி என்றால் நடுவில் ஒரு வேலி மட்டும் இல்லை. வேலிக்கு மேலே மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டால் அது தனிமையே இல்லை. இருமலில் தெறிக்கும் வைரஸ் காற்றில் வெகுதூரம் போகும். இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஆனால் தூரத்தைவிட எனக்குக் கவலை தருவது ஆட்களும் சாமான்களும்தான். 2007 வரை ஆஸ்திரேலியாவில் குதிரை இன்ஃப்ளூயன்சா நுழைந்ததே இல்லை. அந்த ஆண்டு, வெளிநாட்டுக் குதிரைகளை அடைத்து வைத்திருந்த அரசுத் தனிமை நிலையத்திலிருந்தே அது வெளியேறிப் பல்லாயிரம் குதிரைகளைப் பிடித்தது. சரியாகக் கழுவிச் சுத்தம் செய்யாமல் வெளியே வந்த ஓர் ஆளோ கருவியோதான் பெரும்பாலும் காரணம் என்றது விசாரணை. அவ்வளவு ஏற்பாடு இருந்த இடத்திலேயே அப்படி என்றால், நம் லாயத்தில் வாளி, பிரஷ், கடிவாளம் எல்லாம் புதுக் குதிரைக்குத் தனியாகவே இருக்கட்டும். முடிந்தால் ஆளும் தனி. இல்லையென்றால் பழைய குதிரைகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகப் புதுக் குதிரையிடம் போங்கள். அப்புறம் கை கழுவாமல், உடையும் செருப்பும் மாற்றாமல் திரும்பி வராதீர்கள்.

தினமும் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். தெர்மாமீட்டரில் நூல் கட்டி, முனையில் வாஸ்லின் தடவுங்கள். நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒட்டி நின்று, வாலை ஒதுக்கி ஆசனவாயில் வைக்க வேண்டும். வளர்ந்த குதிரைக்கு 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் சரி. ஓய்வில் இருக்கும்போதே 38.5-ஐத் தாண்டினால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஸ்ட்ராங்கிள்ஸில் காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மூக்கு வழியே கிருமி வெளியேறத் தொடங்கும். இந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் மற்ற குதிரைகள் தப்பிவிடும்.

இன்னொரு சிக்கல், ஸ்ட்ராங்கிள்ஸ் வந்து குணமான சில குதிரைகள். தொண்டையை ஒட்டிய காற்றுப்பைகளில் கிருமியை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வைத்திருக்கும். காய்ச்சல் இருக்காது, சளி இருக்காது, மூன்று வாரம் வைத்தாலும் தெரியாது. மந்தையில் சேர்ப்பதற்கு முன் அந்தப் பைகளைக் கழுவி எடுத்த நீரைப் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். செலவுதான், ஆனால் முன்கதை தெரியாத குதிரை என்றால் நான் இதை விடவே மாட்டேன்.

நடுவில் இன்னொரு புதுக் குதிரையை அதே இடத்தில் கட்டினால், அன்றிலிருந்து இரண்டுக்கும் நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.