ஒரு பீரியடில் ஒரு பிள்ளைக்கு எத்தனை எறி?

பிள்ளைகள் வரிசையாக நின்று விசிலுக்கு ஒன்றாகக் கை தூக்கினால், பார்ப்பவர்கள் ‘நல்ல பி.டி. வகுப்பு’ என்பார்கள். கீழக்கரை, மண்டபம் பக்கத்துக் கடலோரப் பள்ளிகளில் வேலை பார்க்கும் நானும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 பிள்ளைகள், ஒரே பந்து. வருகைப்பதிவு போக மிஞ்சுவது 30 நிமிடம். ஓர் எறிக்கு 15 விநாடி என்றால் ஆளுக்கு 3 எறி. மீதி நேரம் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள். மூன்றே எறியில் யாருக்கு எறிய வரும்?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பந்து எறியவே வராது என்று முடிவு கட்டியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கரையில் பார்த்தேன். முழங்காலளவுத் தண்ணீரில் வீச்சுவலையோடு நின்றான். கயிறு மணிக்கட்டில், வலையின் ஒரு பக்கம் தோளில். இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினான், வலை வட்டமாக விரிந்து விழுந்தது. வட்டு எறிதலில் நாங்கள் மெனக்கெட்டுச் சொல்லித்தரும் அதே திருப்பம். அவனுக்கு யாரும் ‘ஒன்று, இரண்டு’ எண்ணவில்லை. அப்பா வீசுவதைப் பார்த்திருக்கிறான். விரியாவிட்டால் மறுபடி வீசியிருக்கிறான். என் முறையில்தான் கோளாறு.

மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வி அறிஞர் 1966-லேயே, வகுப்பில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதை வைத்துக் கற்பிக்கும் பாணிகளை வகைப்படுத்தினார். ஒரு முனையில், எல்லாவற்றையும் ஆசிரியரே தீர்மானிக்கும் கட்டளைப் பாணி. அங்கிருந்து தள்ளிப் போகப் போக முடிவு பிள்ளையின் கைக்கு வருகிறது. அவற்றில் இரண்டு எனக்கு நன்றாகக் கைகொடுத்தன.

ஒன்று ஜோடிப் பயிற்சி. ஒருவன் எறிவான், மற்றவன் கையில் ஓர் அட்டை. ‘எதிர்க்கால் முன்னே வந்ததா? இடுப்பு திரும்பியதா?’ பார்த்துச் சொல்ல வேண்டும். கிழிந்த வலையைச் சுருட்டித் துணியில் கட்டி 20 பந்து செய்துகொண்டோம். அதே 30 நிமிடத்தில் இப்போது ஆளுக்கு 60 எறி. “காலை மாத்தி வைக்கிறடா” என்று கூட்டாளிக்குச் சொல்கிறவனுக்கும் சேர்த்தே விளங்குகிறது.

மற்றது சாய்கயிறு. உயரம் தாண்டுதலில் கயிற்றை மட்டமாகப் பிடித்தால், தாண்ட முடியாதவள் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுவாள். பயிற்சி அதிகம் வேண்டியதே அவளுக்குத்தான். அதனால் மணலில் கயிற்றின் ஒரு முனையை முழங்கால் உயரத்திலும் மறுமுனையை இடுப்பு உயரத்திலும் பிடிக்கச் சொன்னேன். எங்கே தாண்டுவது என்பது அவரவர் விருப்பம். “என்னால முடியாது சார்” என்று எப்போதும் ஓரமாக உட்காரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை, தாழ்ந்த முனையில் ஐந்து முறை தாண்டினாள். ஆறாவது முறை, யாரும் சொல்லாமலே ஒரு முழம் தள்ளி வந்து நின்றாள்.

வாயைக் குறைப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வாலிபால் சர்வீஸில் ‘முழங்கை, மணிக்கட்டு’ என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் விறைத்துப் போனார்கள். ‘அந்தப் பக்கம் கிடக்கிற சாக்கில் விழட்டும்’ என்றதும் கை தானாக இளகியது. உடம்பைக் கவனிப்பதைவிட இலக்கைக் கவனித்தால் அசைவு நன்றாகப் படியும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

குண்டு எறிதலுக்கும் கடலில் நீச்சலுக்கும் மட்டும் விசில் என் கையில்தான். அங்கே கட்டளைப் பாணியை நான் விடமாட்டேன்.

வகுப்பு முடியும்போது நன்றாகச் செய்தது மறுவாரம் மறந்துபோகலாம். அதனால் ஒரு வாரம் கழித்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பார்ப்பேன். அந்தப் பையன் கையிலும் பந்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். இடது கால் முன்னே போனது. வலை வீசும்போது திரும்பிய மாதிரியே இடுப்பு திரும்பியது.