உட்காரவைத்துப் பார்த்தால் தெரியாத பிபி

நாற்காலியிலிருந்து எழுந்த பெரியவர் சட்டென்று தள்ளாடிச் சுவரைப் பிடித்தால், நம் வீடுகளில் "பித்தம்" என்பார்கள், இல்லாவிட்டால் "வயசாயிடுச்சுல்ல" என்று முடித்துவிடுவார்கள். டாக்டரிடம் போனாலும் உட்காரவைத்துத்தான் பிபி பார்க்கிறார்கள். 130/80 என்று வரும், நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நின்றால் மட்டும் இறங்குகிற அழுத்தம் உட்கார்ந்திருக்கும்போது எப்படித் தெரியும்?

யார் எழுந்து நின்றாலும் சுமார் அரை லிட்டர் ரத்தம், சிலருக்கு அதற்கு மேலும், கீழே இறங்கிக் கால்களிலும் வயிற்றுப் பகுதியின் சிரைகளிலும் தேங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைவதால் அது வெளியே தள்ளுவதும் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள நரம்பு முனைகள் இதை உடனே கண்டுபிடித்து மூளைத்தண்டுக்குச் சொல்ல, அங்கிருந்து இதயத்துக்கு வேகமாகத் துடிக்கவும், ரத்தக் குழாய்களுக்குச் சுருங்கவும் உத்தரவு போகிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் இளவயதில் நாம் இதைக் கவனிப்பதே இல்லை.

வயதாகும்போது தமனிகள் விறைத்துப்போகின்றன, அதனால் அந்த நரம்பு முனைகளுக்கு மாற்றம் சரியாக எட்டுவதில்லை. எட்டினாலும் இதயம் முன்போல வேகம் கூட்டுவதில்லை. தாகமும் குறைந்துவிடுவதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். பல வருடமாகச் சர்க்கரை நோய் இருந்தாலோ பார்க்கின்சன் நோய் வந்தாலோ உத்தரவைக் கொண்டுபோகிற நரம்புகளே பழுதாகின்றன. அப்புறம் மாத்திரைகள்: பிராஸ்டேட்டுக்குத் தருகிற டாம்சுலோசின், பிராசோசின், சிறுநீர் போக்கும் மாத்திரைகள், நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டுகள், மனச்சோர்வு மருந்துகள் சில. பெரியவர்களின் மருந்துப் பெட்டியில் இதில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 5 நிமிடம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து நின்ற 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் பார்க்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நின்றால் அழுத்தம் இறங்கும் கோளாறு அதுதான். நாடித்துடிப்பையும் எழுதி வையுங்கள். அழுத்தம் இறங்கியும் நாடி கூடவில்லையென்றால் நரம்பில் கோளாறு இருக்கலாம். நன்றாகவே கூடினால் நீரிழப்பு போன்ற வேறு காரணத்தைத் தேடுவார்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் காலைதான் மோசம். நரம்பு பழுதானவர்களுக்குப் படுத்திருக்கும்போது அழுத்தம் ஏறிவிடும், அதனால் சிறுநீரகம் இரவெல்லாம் உப்பையும் நீரையும் வெளியேற்றிவிடுகிறது. விடியும்போது உடம்பில் நீர் குறைவு. ஆகவே எழுவதற்கு முன்பே படுக்கையில் உட்கார்ந்தபடி அரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தால், இந்த வகையினருக்குச் சில நிமிடங்களிலேயே அழுத்தம் ஏறத் தொடங்கும் (இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது). பிறகு கணுக்காலை ஆட்டிவிட்டு மெதுவாக எழ வேண்டும். நின்றபின் கண் இருட்டினால் எதையாவது பிடித்துக்கொண்டு, காலைக் குறுக்கே வைத்துத் தொடையையும் புட்டத்தையும் இறுக்கினால், தேங்கிய ரத்தம் மேலே ஏறும். அதற்கும் கேட்காவிட்டால் உடனே உட்கார்ந்துவிடுவதுதான் நல்லது. முழங்கால்வரை போடுகிற இறுக்கமான சாக்ஸ் அவ்வளவாக உதவாது, ரத்தம் நிறையத் தேங்குவது வயிற்றில். அதைவிட அடிவயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் நல்லது. தட்டு நிறையச் சோறு சாப்பிட்டபின் ரத்தம் குடலுக்குப் போவதாலும், வெந்நீர்க் குளியலில் தோலின் குழாய்கள் விரிவதாலும் இதே தொல்லை வரும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். இரவில் சிறுநீர் கழிக்கப் போகும் ஆண்கள் உட்கார்ந்தே கழிக்கட்டும், கௌரவம் பார்க்க வேண்டாம்.

பிபி மாத்திரையை வீட்டிலேயே நிறுத்துவதுதான் பலரும் செய்கிற காரியம். செய்யாதீர்கள். கட்டுப்படாத உயர் அழுத்தமும் இந்தச் சரிவை மோசமாக்கும். எந்த மாத்திரை, எந்த நேரம் என்று மாற்றிப் பார்க்க டாக்டரிடம் கேளுங்கள்.

படுத்தால் அழுத்தம் ஏறுகிறவர்களுக்குத் தலைமாட்டுக் கட்டில்கால்களின் அடியில் மட்டும் செங்கல் வைத்துக் கட்டிலையே சாய்வாக்கச் சொல்வார்கள். கூடுதலாக இரண்டு தலையணை போட்டால் கழுத்துதான் மடங்கும், உடம்பு சாயாது. இவையெல்லாம் போதாதபோது ஃப்ளூட்ரோகார்டிசோன், மிடோட்ரின் போன்ற மருந்துகள் உண்டு. மிடோட்ரின் சாப்பிட்டால் அடுத்த 4 மணி நேரத்துக்குப் படுக்கக்கூடாது என்பதால் அதைப் பகலில்தான் கொடுப்பார்கள்.