‘செப்டிக்’ வேறு, ‘செப்சிஸ்’ வேறு

போன காலபோகத்தில் பக்கத்து வீட்டு அண்ணை வரம்பு வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல். பெரிய காயமில்லை. கழுவிக் கட்டினார், ஏற்பூசியும் போட்டுக்கொண்டார். ஒரு கிழமையில் காயம் மேலே காய்ந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் உடம்பு உதறிக் காய்ச்சல் வந்தது. இரவு முழுக்க மூச்சு வாங்கியது. விடியப்புறம் பேச்சுக் குழம்பத் தொடங்கியதும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் அந்த வீட்டு அக்கா எனக்குப் போன் எடுத்தா. “தம்பி, செப்சிஸ் எண்டு எழுதிக்கிடக்கு. காயம் செப்டிக் ஆனதைத்தானே சொல்லீனம்? அது காஞ்சிட்டுதே. பிறகேன் சலம் (சிறுநீர்) போகேல்லை? பிறகேன் ஐசியுவுக்குக் கொண்டுபோறாங்கள்?”

உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். ஆனாலும் அவவுக்கு விளங்கும் ஒரு தமிழ்ச் சொல் அந்த நேரம் என் வாயில் வரவில்லை. அந்தச் சொல்லைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் ‘செப்டிக்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். முள் குத்திய இடம் சிவந்து சீழ் வைத்தால் “செப்டிக் ஆகிட்டுது” என்போம். புது வீட்டுத் திட்டங்களில் கட்டிய மலக்குழிக்கும் செப்டிக் டாங்க் என்றுதான் பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்று. கிரேக்க மொழியில் ‘செப்சிஸ்’ என்றால் அழுகல். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் ஹிப்போக்கிரட்டீஸ் வழி வந்த மருத்துவர்கள் இந்தச் சொல்லை ‘பெப்சிஸ்’ என்பதற்கு எதிராக வைத்தார்கள். பெப்சிஸ் என்றால் பதமாதல், சமிபாடடைதல். வயிற்றிலுள்ள பெப்சின் நொதியத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். பொருள் பதமானால் பெப்சிஸ், கெட்டு நாறினால் செப்சிஸ்.

1867-ல் ஜோசப் லிஸ்டர் காபோலிக் அமிலத்தால் புண்ணைக் காத்துக் காட்டியபோது அழுகலுக்கும் கிருமிக்கும் உள்ள உறவு மருத்துவர்களுக்குப் புலப்படத் தொடங்கியது. 1914-ல் ஹூகோ ஷொட்முல்லர் என்ற செருமானிய மருத்துவர் ஒரு படி மேலே போனார். உடலில் ஓரிடத்தில் குடியிருக்கும் கிருமி அங்கிருந்து குருதிக்குள் இறங்கி நோயை உண்டாக்குவதே செப்சிஸ் என்றார். நாங்கள் இன்றும் சொல்லும் “ரத்தத்தில கிருமி கலந்திட்டுது” என்ற பேச்சு அந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது.

மருத்துவம் இன்று அந்த இடத்தில் நிற்கவில்லை. செப்சிஸ் வந்த பலருடைய குருதியை எடுத்து வளர்த்துப் பார்த்தாலும் கிருமி அகப்படுவதில்லை. கிருமி முழுக்க அழிந்த பிறகும் ஆட்கள் இறந்துபோகிறார்கள். 2016-ல் வெளியான சர்வதேச வரைவிலக்கணம் இதையெல்லாம் கணக்கில் எடுத்தது. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை ஒழுங்கு குலைந்து, அதனால் உறுப்புகள் தொழிற்படாமல் போய், உயிருக்கு ஆபத்தாகும் நிலையே செப்சிஸ் என்கிறது அது. காயம் ஒரு வாசல் மட்டும். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தா. வீடு எரிந்தது உள்ளே.

அந்த எரிச்சல் வெறும் உவமையில்லை, வேதியியல்.

வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போடுவார். அந்தத் தூள் தண்ணீரில் கரையும்போது உண்டாகும் ஐப்போகுளோரசு அமிலம்தான் கிருமியைக் கொல்கிறது. அதே அமிலத்தை எங்கள் வெண்குழியங்களும் செய்கின்றன. கிருமியைக் கண்டதும் அவை ஒட்சிசனை இழுத்து, அதில் ஓர் இலத்திரனைக் கூடுதலாக ஏற்றி, அதை ஐதரசன் பேரொட்சைட்டாக்கி, கடைசியில் குளோரைட்டோடு சேர்த்து அந்த அமிலத்தை ஆக்குகின்றன. விழுங்கிய கிருமி அதில் வெந்துபோகும். இந்த வசதி பிறவியிலேயே இல்லாத பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பக் கடும் தொற்று வரும். ஆகவே ஒட்சிசனின் இந்தக் கூரான வடிவங்களைப் பகை என்று மட்டும் எண்ணக்கூடாது. அவை இல்லாமல் நாங்கள் இல்லை.

கிணற்றுக்குப் போட வேண்டிய அளவு உண்டு. அளவு மீறினால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. உடலிலும் அப்படித்தான். உண்டாகும் இந்தக் கூரான வடிவங்களை, அதாவது ஒட்சியேற்றிகளை, அணைக்கக் குளூட்டாதயோன் போன்ற பொருட்களை ஒவ்வொரு கலமும் இருப்பில் வைத்திருக்கிறது. செப்சிஸில் ஒட்சியேற்றிகள் வெள்ளம்போல் வர, அந்த இருப்புத் தீர்ந்துபோகிறது. இந்தச் சமநிலைக் குலைவுக்குத்தான் 1985-ல் ஹெல்முட் சீஸ் என்ற செருமானிய உயிர்வேதியியலாளர் இலக்கணம் வகுத்தார். தமிழில் அதை ‘ஆக்சிசனேற்ற அழுத்தம்’ என்று தமிழ்நாட்டில் எழுதுகிறார்கள். இங்கே ‘ஒட்சியேற்ற அழுத்தம்’ என்று எழுதக் காண்கிறேன்.

எனக்கு அந்த ‘அழுத்தம்’ பிடிக்கவில்லை. நோயாளியின் வீட்டாருக்கு அழுத்தம் என்றால் பிரசர்தான். செப்சிஸில் பிரசர் கூடுவதில்லை, விழுகிறது. ஒரே தாளில் ‘குருதி அமுக்கம் குறைந்தது, ஒட்சியேற்ற அழுத்தம் கூடியது’ என்று வந்தால் யாருக்கு விளங்கும்? பௌதிகவியல் பாடத்தில் பொருளின்மேல் விழும் இந்தத் தாக்கத்துக்கு ‘தகைப்பு’ என்று நல்ல சொல் வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் அதே வேரிலிருந்து ‘தகைவு’ என்கிறார்கள். பாடப்புத்தகத்துக்கு ‘ஒட்சியேற்றத் தகைப்பு’ போதும். வீட்டாருக்குச் சொல்லும்போது ‘ஒட்சியேற்ற மிகை’ என்பேன். அளவு மீறியது என்ற உட்பொருளை ‘மிகை’ என்ற சொல் உடனே கொடுத்துவிடுகிறது.

ஒட்சிசன் என்ற பெயரே ஒரு பிழையான ஊகத்தில் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லவோசியே அதற்கு ‘புளிப்பை உண்டாக்குவது’ என்ற பொருளில் பெயர் வைத்தார். எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நம்பினார். பிறகு அது சரியில்லை என்று தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ‘உயிர்வளி’ என்ற தமிழ்ப் பெயர் அழகுதான், ஆனால் உயிர்வளியே உயிரைக் குடிக்கும் இந்தக் கதையில் அது இடறுகிறது. அதனால் ஒட்சிசன் என்றே எழுதுகிறேன்.

சரி, இந்த மிகை உறுப்புகளை என்ன செய்கிறது? குருதிக் குழாய்களின் சுவர்கள் நைத்திரிக் ஒட்சைட்டை அளவுக்கு மேல் விடுகின்றன. குழாய்கள் தளர்கின்றன, பிரசர் விழுகிறது. அந்த நைத்திரிக் ஒட்சைட்டு, ஒட்சிசனின் கூரிய வடிவத்தோடு சேர்ந்து இன்னும் கொடிய ஒன்றாக மாறி, கலத்துக்குச் சக்தி ஆக்கிக் கொடுக்கும் இழைமணியைப் பழுதாக்குகிறது. 2002-ல் லண்டனில் செப்சிஸ் நோயாளிகளின் தொடைத் தசையில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். கடுமையாக வருந்தியவர்களிடம் குளூட்டாதயோன் குறைந்திருந்தது, இழைமணி மந்தமாகியிருந்தது, கலத்தின் சக்தி இருப்பும் இறங்கியிருந்தது. குருதியில் ஒட்சிசன் இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கலத்தால் முடியாமல் போகிறது. குளத்தில் தண்ணீர் நிற்கிறது, வாய்க்காலும் திறந்திருக்கிறது, பயிர்தான் உறிஞ்சவில்லை.

இப்போது கலச்சாவுக்கு வருவோம். இங்கே சொற்கள் மூன்று இருக்கின்றன, மூன்றும் கிரேக்கம்.

முதலாவது ‘அப்பொப்டோசிஸ்’. 1972-ல் கெர், வில்லி, கறி என்ற மூன்று ஆய்வாளர்கள், கலங்கள் சத்தமில்லாமல் சுருங்கித் துண்டாகி மறைவதைக் கண்டு அதற்குப் பெயர் தேடினார்கள். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் படிப்பித்த பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மக் இந்தச் சொல்லைக் கொடுத்தார். மரத்திலிருந்து இலை விழுவது, பூவிலிருந்து இதழ் விழுவது என்று பொருள். அதற்குத் தமிழில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: உதிர்வு. மாசி, பங்குனியில் வேம்பு தன் இலையைத் தானே உதிர்க்கிறது. மரத்துக்குக் காயமில்லை. காம்பு கழரும் இடத்தில் வடுகூட மூடிவிடுகிறது. அப்பொப்டோசிஸில் நடப்பதும் அதுதான். ஆகவே ‘கல உதிர்வு’. ‘கலத் தற்கொலை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதை விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக் கேட்கிறேன். தற்கொலையில் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் வன்னியில் இருக்கின்றன. அந்தச் சொல்லை ஐசியு வாசலில் உச்சரிக்கக் கூடாது. பொருளும் பொருந்தவில்லை.

இரண்டாவது ‘நெக்ரோசிஸ்’. பிணம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கலம் வீங்கி வெடித்து உள்ளிருப்பதை வெளியே கொட்டுகிறது, சுற்றியுள்ள இழையமும் சேர்ந்து கொதிக்கிறது. புயலில் பச்சைக் கொப்பு முறிவதுபோல. இதற்கு ‘நசிவு’ நல்ல தமிழ். மூன்றாவது, 2001-ல் பெயர் பெற்ற ‘பைரொப்டோசிஸ்’. கலம் உள்ளே புகுந்த கிருமியை உணர்ந்து, அழற்சியைத் தூண்டும் பொருட்களை விட்டபடி வெடிப்பது. முன்பாதி நெருப்பு, பின்பாதி உதிர்வு. ‘அனலுதிர்வு’ என்று சொல்லிப் பார்க்கிறேன், நாவில் ஏறுகிறது.

செப்சிஸில் எந்தக் கலங்கள் உதிர்கின்றன என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1999-ல் செப்சிஸால் இறந்த 20 பேரின் உறுப்புகளை ஆராய்ந்து ஹொட்ச்கிஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு எழுதியது. சிறுநீரகம் செயலிழந்தவருடைய சிறுநீரகத்தில் செத்த கலங்கள் நிறைய இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்போம். அங்கே குறைவாகவே இருந்தன. இதயத்திலும் அப்படித்தான். உதிர்வு கூடுதலாகத் தெரிந்தது மண்ணீரலின் நிணநீர்க்குழியங்களிலும் குடலின் உட்சுவரிலும். அதாவது காவற்காரர்கள்தான் உதிர்ந்துபோகிறார்கள். முதற் காய்ச்சலைத் தாண்டிய நோயாளிக்கு இரண்டாம் கிழமையில் புதுத் தொற்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுநீரகம் சாகாமல் தொழிலை நிறுத்திப் பதுங்கிக் கிடக்கிறது என்று இப்போது பலர் கருதுகிறார்கள். பதுங்கியது எழும்பலாம்.

ஒட்சியேற்ற மிகைதான் சிக்கல் என்றால் அதை அணைக்கும் மருந்தைக் கொடுத்தால் போதாதா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், செப்சிஸோடு ஐசியுவில் இருந்த 872 பேரில் ஒரு பகுதியினருக்கு விற்றமின் சி ஊசி ஏற்றினார்கள். ஊசி பெற்றவர்களில் இறந்தவர்களும் உறுப்புகள் தேறாதவர்களும் சேர்ந்து 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். கிருமியைக் கொல்லும் நெருப்பும் உறுப்பைச் சுடும் நெருப்பும் ஒரே அடுப்பில் எரிவதால், ஒன்றை மட்டும் அணைப்பது லேசில்லை. ஆகவே ‘அன்டிஒக்சிடன்ட்’ என்று போத்தலில் எழுதியதை வாங்கிக்கொண்டு வாட்டுக்கு ஓட வேண்டாம். நேரத்தோடு ஏற்றும் நுண்ணுயிர்க்கொல்லி, சேலைன், தொற்று இருக்கும் இடத்தைத் துப்புரவாக்குதல், இவைதான் இன்றும் உயிரைப் பிடித்துவைக்கின்றன.

அக்காவுக்குக் கொடுக்க வேண்டிய சொல்லுக்கு வருகிறேன். ‘அழுகல்’ வேருக்கு நேரான மொழிபெயர்ப்பு, ஆனால் உயிரோடு இருக்கும் மனுசனைப் பற்றிச் சொல்லக் கூடாத சொல். ‘சீழ்ப்பிடிப்பு’ காயத்தோடு நின்றுவிடுகிறது. ‘குருதி நஞ்சாதல்’ 1914-ல் நின்றுவிடுகிறது. நான் ‘தொற்றுக்குலைவு’ என்று சொல்ல விரும்புகிறேன். குலைதல் என்றால் ஒழுங்கு கெடுதல், 2016 வரைவிலக்கணத்தின் நடு நரம்பு அதுதான். ஈரற்குலை என்று உள்ளுறுப்பையும் அதே ஒலியால் அழைக்கிறோம். மலேரியா இருந்த காலத்தில் வன்னிக் கிழவர்கள் நடுக்கக் காய்ச்சலைக் குலைப்பன் என்றார்கள். 2016-ல் மலேரியா ஒழிந்த நாடாக இலங்கை சான்று பெற்ற பிறகு அந்தச் சொல்லுக்கு வேலை குறைந்துவிட்டது. உடம்பு குலைவது எப்படியிருக்கும் என்ற நினைவு மட்டும் ஊரில் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் ‘செப்சிஸ்’ என்றும் எழுத வேண்டும், ஏனென்றால் வைத்தியர் எழுதும் தாளில் அதுதான் இருக்கும்.

அந்தச் சொல்லோடு சேர்த்து அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது: காயம் காய்ந்ததா என்று பார்த்திருக்க வேண்டாம். மூச்சு நிமிடத்துக்கு 22-ஐத் தொட்டதா, பேச்சு மாறுகிறதா, சலம் குறைகிறதா, கைகால் குளிர்கிறதா என்று பார்த்து, இரவோடு இரவாகவே கொண்டுபோயிருக்க வேண்டும். சேற்றில் நிற்கும் வயற்காரருக்கு, அதிலும் சீனி வருத்தம் உள்ளவருக்கு, எலிக்காய்ச்சலும், சேற்று மண்ணில் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸும் காயத்தின் வழியாகவே வரலாம். இரண்டுமே தொற்றுக்குலைவாக முற்றக்கூடியவை.

அண்ணைக்கு ஐந்து நாள் டயலிசிஸ் செய்தார்கள். ஆறாம் நாள் காலை அக்கா மறுபடியும் போன் எடுத்தா. “தம்பி, சலம் போகுதாம்” என்றா. பதுங்கியிருந்த சிறுநீரகம் எழும்பிவிட்டது. இப்போது தை பிறந்துவிட்டது, அறுவடைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வயற்கரையில் கதிரை போட்டு இருக்கிறார், இறங்கி நடக்க இன்னும் பெலம் வரவில்லை.