பிராக்கெட்: படுத்த பகரமும் பங்குனிப் பித்தும்

"உங்கள் பிராக்கெட் எப்படி இருக்கிறது?"

அமெரிக்காவில் நான் கழித்த முதல் மார்ச் மாதத்தில், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்ட கேள்வி இது. சுவரில் அலமாரிப் பலகை மாட்ட இரும்புத் தாங்கி எங்கே கிடைக்கும் என்று முந்தைய வாரம்தான் அவரிடம் விசாரித்திருந்தேன். அதைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, "ஒன்று மட்டும் ஆடுகிறது, மற்றவை உறுதியாக நிற்கின்றன" என்றேன். மனிதர் அசந்துபோனார். "ஒன்றுதானா? எனக்கு நேற்று ஒரே நாளில் ஐந்து போய்விட்டது!" இரண்டு நிமிடம் இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றி ஒருமித்த மனத்தோடு பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் கேட்டது கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி. அமெரிக்காவில் அந்த ஆட்டப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் வெள்ளோட்டம்தான். பெரிய கல்லூரிகள் சிறிய கல்லூரிகளை வரவழைத்து நையப் புடைத்து அனுப்பும். ஜனவரியில் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கல்லூரிக் கூட்டணிகளுக்குள் மோதல் சூடு பிடிக்கும். மார்ச் மாதத்தின் முதல் இரு வாரங்களில் கூட்டணிக் கோப்பைகள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தேர்வுக் குழு, தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற 68 அணிகளை அறிவிக்கும். அறிவிப்பு வெறும் பெயர்ப் பட்டியலாக வராது, படமாக வரும். யார் யாரோடு மோதுவது, வென்றால் அடுத்து யார் காத்திருப்பார் என்பதெல்லாம் இறுதியாட்டம் வரை அதில் வரைந்திருக்கும். அந்தப் படத்துக்குத்தான் பிராக்கெட் என்று பெயர்.

ஒரு முழுத்தாளை அகலவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் 32 பெயர்கள், வலது ஓரத்தில் 32. (ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் முன்னதாக நடக்கும் நான்கு ஆட்டங்கள் 68ஐ 64ஆகக் குறைத்துவிடும். 2011 முதல் இந்த ஏற்பாடு.) அடுத்தடுத்த இரண்டு பெயர்களின் கீழே இரண்டு கிடைக்கோடுகள். அவற்றின் முனைகளை ஒரு செங்குத்துக்கோடு இணைக்கும். அதன் நடுவிலிருந்து இன்னொரு கோடு கிளம்பி அடுத்த பத்திக்குப் போகும். வென்ற அணியின் பெயரை அதன்மேல் எழுத வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று, இணைக்க ஒன்று: மூன்று கோடும் சேர்ந்தால் ] என்ற குறி வந்துவிடுகிறது. பெயருக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தமிழில் இந்தக் குறிக்குப் பகர அடைப்பு என்று பெயர். ப என்ற எழுத்தைப் படுக்க வைத்தாற்போல் இருப்பதால் வந்த பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று. 64 அணிகள் என்றால் 63 ஆட்டங்கள். இறுதியாட்டத்தை நடுவில் தனியே வரைந்துவிடுவார்கள். ஆகவே அந்தத் தாளில் 62 பகரங்கள் படுத்துக் கிடக்கின்றன, பாதி இடப்பக்கம் திரும்பி, பாதி வலப்பக்கம் திரும்பி.

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்துக்குப் போனால் சற்றே சங்கடமான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. பழைய கால்லியர், அதாவது இன்றைய பிரான்சின் முன்னோர், காற்சட்டை அணிந்தவர்கள். அந்தக் காற்சட்டையின் பெயரை லத்தீன்காரர்கள் 'பிராக்கா' என்று எடுத்துக்கொண்டார்கள். காற்சட்டை போடுவது காட்டுமிராண்டிப் பழக்கம் என்று கருதிய ரோமானியர்கள், கால்லியாவின் தென்பகுதியைக் 'காற்சட்டை கால்லியா' என்றே அழைத்தார்கள். அதே சொல்லின் வழியில் பிரெஞ்சில் 'பிராகெட்' உண்டாயிற்று. அது முழுக் காற்சட்டையைக் குறிக்கவில்லை. ஐரோப்பிய ஆண்கள் ஒரு காலத்தில் காற்சட்டையின் முன்புறம், மறைக்க வேண்டிய இடத்தில், புடைப்பாக வைத்துத் தைத்துக்கொண்ட துண்டைக் குறித்தது. போர்க்கவசத்திலும் அது உண்டு. சுவரிலிருந்து துருத்திக்கொண்டு மேலே உள்ள பாரத்தைத் தாங்கும் கல்லைப் பார்த்த கொத்தனார் எவருக்கோ இந்தத் துண்டு நினைவுக்கு வந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கட்டடத் தொழிலில் அந்தக் கல்லின் பெயராகச் சொல் புழங்குகிறது. 'கை' என்று பொருள்படும் 'பிராக்கியம்' என்ற லத்தீன் சொல்லின் சாயலும் பிற்பாடு படிந்தது என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் அச்சுக்கோப்பவர்கள், தாங்கிக்கல்லின் வடிவில் இருந்த குறிக்கு அதே பெயரை வைத்தார்கள். கல்லிலிருந்து குறிக்கு, குறியிலிருந்து ஆட்டத்துக்கு. மரியாதைக்குரிய பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் தங்கள் பெயர் இடம்பெற வேண்டும் என்று தவம் கிடப்பது இப்படிப்பட்ட பூர்வீகம் கொண்ட ஒரு சொல்லில்.

தமிழ் இங்கே ஆங்கிலத்தைப் போலக் கஞ்சத்தனம் செய்யவில்லை, ஒவ்வொரு பொருளுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறது. எழுத்தில் வருவது அடைப்புக்குறி. சுவரில் மாட்டுவது தாங்கி. கோயில் தூணின் தலையில் அமர்ந்து உத்திரத்தைச் சுமப்பது போதிகை; அதன் வளைவையும் வெட்டையும் பார்த்தே பல்லவர் காலமா சோழர் காலமா என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயது பிராக்கெட் என்பது வயதுப் பிரிவு, வருமான பிராக்கெட் என்பது வருமான வரம்பு. ஆட்டத்தில் வரும் பிராக்கெட்டுக்குத்தான் சொல் தேட வேண்டியிருக்கிறது.

தேடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க ரசிகரின் வாயில் இந்தச் சொல் இரண்டு பொருளில் வருகிறது. தேர்வுக் குழு வெளியிடும் படம் ஒன்று. அந்தப் படத்தின் வெற்றுக் கோடுகளில், முதல் ஆட்டம் தொடங்குவதற்குள் 63 ஆட்டங்களின் முடிவையும் ஊகித்து ரசிகர் எழுதி வைப்பது மற்றொன்று. பக்கத்து மேசைக்காரர் கேட்டது இரண்டாவதை. முதலாவது நாடு முழுவதற்கும் ஒன்றுதான். இரண்டாவது கோடிக்கணக்கில் உண்டு.

இரண்டாவது பிறந்தது மிகவும் பிந்தி. தேசியப் போட்டி 1939இலேயே தொடங்கிவிட்டது. அப்போது எட்டே அணிகள். இறுதியாட்டத்தில் ஒரிகன் 46–33 என்று ஒஹாயோ ஸ்டேட்டை வென்றது. எட்டு அணிகளை வைத்து யாரும் பெரிதாகப் பந்தயம் கட்டப்போவதில்லை. 1977இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் 'ஜோடிஸ் கிளப் ஃபாரஸ்ட்' என்ற மதுக்கடையில் 88 பேர் ஆளுக்குப் பத்து டாலர் போட்டு, கடைசி நான்கு அணிகள் எவை, கோப்பை யாருக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். பொதுவாக இதைத்தான் தொடக்கம் என்கிறார்கள். 1985இல் அணிகளின் எண்ணிக்கை 64 ஆனதும் படத்துக்கு ஒரு செம்மை வந்துவிட்டது. 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எந்த இடத்திலும் பிசிறில்லாமல் பாதியாகிக்கொண்டே போகும். அலுவலக நகல் இயந்திரம் மீதியைப் பார்த்துக்கொண்டது.

63 ஆட்டங்களையும் சரியாகச் சொல்லிவிட முடியுமா? ஒவ்வொன்றையும் நாணயம் சுண்டித் தீர்மானிப்பதாக வைத்துக்கொண்டால், எத்தனை விதமாக நிரப்பலாம் என்பதற்கு விடை, இரண்டை 63 தடவை பெருக்கினால் வரும் எண்: 9,223,372,036,854,775,808. நம் கணக்கில் ஏறக்குறைய 92,000 கோடி கோடி. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று கேட்டு அரசனை ஓட்டாண்டியாக்கிய கதை நமக்குத் தெரியும். அந்தப் பலகையின் 64ஆவது கட்டத்தில் மட்டும் விழுகிற நெல்லின் எண்ணிக்கையும் அச்சுப் பிசகாமல் இதுவேதான். முழுத்தாளையும் சரியாக நிரப்பியவர் என்று சான்றுடன் இதுவரை ஒருவரும் இல்லை. 2019இல் ஒஹாயோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைத் தொடர்ந்து சரியாகச் சொன்னார். 50ஆவது ஆட்டத்தில் டென்னசி வெல்லும் என்று எழுதியிருந்தார். கூடுதல் நேரத்தில் பர்டியூ 99–94 என்று வென்றது.

பர்டியூ என்றதும் எனக்கு 2023 நினைவுக்கு வருகிறது. இந்தியானா மாநிலத்தின் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டு ஏழடி நான்கு அங்குல உயரத்தில் ஓர் ஆட்டக்காரர். அணி முதல் தரநிலை, அதாவது தாளின் நான்கு பகுதிகளில் ஒன்றில், அங்குள்ள 16 அணிகளுள் முதலாவது என்று குழு மதிப்பிட்டது. கோப்பை அவர்களுக்குத்தான் என்று நான் பேனாவால் எழுதியிருந்தேன். கோப்பை வெல்லும் அணியின் பெயரைத் தாளில் ஆறு இடத்தில் எழுத வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு. எதிரே 16ஆம் தரநிலை: நியூ ஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன். தங்கள் கூட்டணிக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றவர்கள். வென்ற கல்லூரிக்குத் தேசியப் போட்டியில் ஆடுவதற்கான காத்திருப்புக் காலம் இன்னும் முடியாததால் இடம் இவர்களுக்கு வந்தது. நாட்டின் மிகக் குள்ளமான அணியும் இதுதான். மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அந்த நெடியவரைச் சுற்றி முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக நின்றுகொண்டு, பந்து அவர் கைக்கு எளிதில் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். 63–58. ஆறு இடத்திலும் பர்டியூவை அடித்தேன். ஆறாவதை அடிக்கும்போது தாள் கிழிந்தது.

'பிராக்கெட் உடைந்துவிட்டது' என்று அமெரிக்கர்கள் சொல்வது இதைத்தான். படம் உடையவில்லை, குழு வெளியிட்ட படம் அப்படியேதான் இருக்கிறது. உடைந்தது என் ஊகம்.

ஆகத் தமிழுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். ஒன்றே போதும் என்று பிடிவாதம் பிடிப்பது ஆங்கிலத்தின் குறையை நாம் தலையில் ஏற்றிக்கொள்வதாகும். படத்துக்கு 'அட்டவணை' என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அட்டவணை நாளும் நேரமும் சொல்லும். வென்றவர் அடுத்து எங்கே போவார் என்று சொல்லாது. 'வரைபடம்' என்றால் ஊர் வழி காட்டுவது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பாடத்தில் வரும் 'மர வரைபடம்' நெருங்கி வருகிறது, ஆனால் ரசிகர் வாயில் நுழையாது. தமிழ்நாட்டில் கபடிப் போட்டிக்கோ கைப்பந்துப் போட்டிக்கோ உடற்கல்வி ஆசிரியர் சார்ட் தாளில் வரைவதும் இதே படம்தான். அவர் அதை 'ஃபிக்சர்' என்பார். நல்ல புழக்கச்சொல், ஆனால் ஆங்கிலம். அங்கே பெரும்பாலும் சீட்டுக் குலுக்கிப் பெயர்களை நிரப்புவார்கள், இங்கே குழு உட்கார்ந்து தரம் பார்த்து நிரப்புகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

குழுவின் படத்தைக் கிளைப்படம் என்றும், ரசிகர் நிரப்பியதைக் கணிப்புத்தாள் என்றும் சொல்லலாம் என்பது என் கட்சி. கிளை என்றால் பிரிந்து போவதல்லவா, இங்கே எல்லாம் கூடி வருகிறதே என்று தமிழாசிரியரான நண்பர் ஒருவர் மடக்கினார். கோப்பையிலிருந்து பார்த்தால் கிளைதான் ஐயா, ஓரத்திலிருந்து பார்த்தால்தான் துணையாறுகள் என்றேன். 'அப்படியானால் ஆற்றுப்படம் என்று வையுங்கள்' என்றார். அழகான சொல். காவிரிக் கரை மாணவர்கள் தேர்வில் குழம்பிப்போவார்கள். கிளைப்படமே இருக்கட்டும். 'டியூக் பல்கலைக்கழகம் கிளைப்படத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது', 'என் கணிப்புத்தாள் முதல் நாளே கவிழ்ந்தது' என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

உடன் வரும் சொற்களில் சிக்கல் குறைவு. 'சீடு' என்பது விதை. வலுவான ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாமல் விதையைத் தள்ளித் தள்ளி ஊன்றுவதுபோல் இடம் ஒதுக்கும் டென்னிஸ் வழக்கம். விதை என்று மொழிபெயர்க்காமல் நம் பத்திரிகைகள் தரநிலை என்று எழுதுவதே சரி. ஒவ்வொரு பகுதியிலும் 1 முதல் 16 வரை தரநிலை உண்டு. முதல் சுற்றில் மோதும் எந்த இரண்டைக் கூட்டினாலும் 17 வரும். 1985 முதல் 2017 வரை 1ஆம் தரநிலையும் 16ஆம் தரநிலையும் மோதிய 132 ஆட்டங்களில் ஒன்றில்கூட 16 வென்றதில்லை. 2018இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணி வர்ஜீனியாவை 74–54 என்று சாய்த்தது. இதை நம் விளையாட்டுப் பக்கங்கள் அதிர்ச்சித் தோல்வி என்னும். தோற்றவர் பக்கம் நின்று சொல்கிற சொல், ஆனாலும் நிலைத்துவிட்டது.

இந்தக் கூத்துக்கு மொத்தமாக 'மார்ச் மேட்னஸ்' என்று பெயர். இல்லினாய் மாநிலப் பள்ளிப் போட்டிகளைக் கவனித்துவந்த ஹென்றி போர்ட்டர் 1939இல் ஒரு கட்டுரைக்கு வைத்த தலைப்பு அது. 1980களில் தொலைக்காட்சி வருணனையாளர் பிரென்ட் மஸ்பர்கரின் வாயிலாகக் கல்லூரிப் போட்டிக்கு ஒட்டிக்கொண்டது. மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிவதால் நம் பங்குனிக்குள் கச்சிதமாக அடங்கும். பங்குனிப் பித்து என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அது பதிவுபெற்ற வணிகப் பெயர்; தலைப்பில் ஒரு தடவை ஆசையைத் தீர்த்துக்கொண்டதோடு விட்டுவிட்டேன்.

பக்கத்து மேசைக்காரர் பின்னாளில் ஒரு நாள், உங்கள் மொழியில் பிராக்கெட்டுக்கு என்ன சொல் என்று கேட்டார். அவருடைய தாளின் மூலையில் ப என்று எழுதி, தாளைத் திருப்பிக் காட்டினேன். சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்த ஒற்றை எழுத்தை 62 தடவை எழுதிவிட்டா என்னிடம் வருடா வருடம் பத்து டாலர் வாங்குகிறார்கள்?" என்றார்.