நெல்லிமரத்துப் புல்லுருவியும் சோளகர்களின் சருகுத் தீயும்

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் காட்டு நெல்லி குறைந்தால், காய் பறிப்பவர்கள் மேல்தான் முதலில் பழி விழும். அங்குள்ள சோளகர் பழங்குடியினர் வேறு காரணம் சொன்னார்கள்: மரக்கிளையில் ஒட்டி வாழும் செடியான புல்லுருவி. 1974இல் காடு சரணாலயமாகி, கோடைக்கு முன் சருகுக்குத் தீ வைக்கும் வழக்கம் நின்ற பிறகே புல்லுருவியும், லண்டானா எனப்படும் அயல்நாட்டுப் புதரான உண்ணிச்செடியும் பெருகின என்றார்கள்.

இப்படிப்பட்ட கூற்றை அப்படியே ஏற்பதும் தள்ளுவதும் சோம்பேறித்தனம். சோதிக்கலாம். மரங்களுக்கு எண்ணிட்டு, 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து, கவிகையில் (கிளையும் இலையும் விரிந்த மேல்பகுதியில்) எவ்வளவு பங்கைப் புல்லுருவி பிடித்திருக்கிறது, எவ்வளவு காய்த்தது என்று ஆண்டுதோறும் அதே மரங்களில் குறிக்க வேண்டும். புல்லுருவி ஏறிய மரம் குறைவாகக் காய்க்கிறது என்பது அங்கே செய்த அளவீட்டிலும் தெரிந்தது. உண்ணிச்செடி பரவிய இடங்கள் 1997 முதல் 2008க்குள் ஏறக்குறைய இரு மடங்காயின.

பூக்கொத்திக் குருவி புல்லுருவியின் பழத்தைத் தின்று, பசையுள்ள விதையைக் கிளையில் ஒட்டிவிடும். முளைவிடும் உறிஞ்சுவேர் பட்டையைத் துளைத்து மரத்தின் நீர்க்குழாய்களைத் தொடும். புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு, மாவுப்பொருளைத் தானே தயாரிக்கும். தண்ணீரையும் தாது உப்பையும்தான் திருடும். வறட்சியிலும் தாராளமாக நீரை ஆவியாக்குவதால் ஒட்டிய இடத்துக்கு மேலுள்ள கிளை காய்கிறது. செடியை மட்டும் பிய்த்தால் பட்டைக்குள் மிஞ்சிய வேர் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே, பழம் பழுக்கும் முன், கிளையோடு வெட்ட வேண்டும். நடுமரத்தில் ஒட்டியிருந்தால் இந்த வழி உதவாது. காய் பறிக்க ஏறுகிறவர்கள் கையோடு செய்துவந்த வேலை இது. சேகரிப்புக்குத் தடை வந்ததும் மரமேற ஆளில்லாமல் போனது.

அப்படியானால் பழையபடி தீ வைத்துவிடலாமா? கூடாது. அந்தத் தீ முழங்கால் உயரச் சருகிலும் புல்லிலும் ஓடியது; உண்ணிச்செடி நாற்றிலேயே கருகியது. இன்று ஆளுயரப் புதராக நிற்கும் உண்ணி, தீயைக் கவிகைக்கே ஏற்றும். நெல்லி கருகும், உண்ணியோ அடித்தூரிலிருந்து தழைக்கும். முதலில் உண்ணியின் ஆணிவேரை மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். நிமிர்த்திப் போட்டால் மழையில் வேர்விடும். பறவை உட்காரும் மரங்களின் அடியில் நாற்று முளைத்துக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று ஆண்டுகள் பிடுங்க வேண்டும். அதன் பின் வனத்துறை அனுமதியோடு சிறு துண்டில் சருகுத் தீ வைத்து, பக்கத்திலேயே தீ படாத துண்டு ஒன்றை ஒப்பீட்டுக்கு விட வேண்டும்.