வாங்காத கடனுக்கும் வெட்டு: யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்துகொண்டு பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு

"கடன் வேண்டாம், வருகிற பெனிபிட்டோடு சமாளித்துப் படித்து முடிப்போம்." முப்பது, நாற்பது வயதுக்கு மேல் இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போக நினைக்கும் நம்மவர்கள் பலர் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள். கடனுக்கு அஞ்சி வளர்ந்தவர்களுக்கு அது பொறுப்பான முடிவாகவே தெரியும். ஆனால் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அரசு மாதம்தோறும் தரும் உதவிப்பணமான யூனிவர்சல் கிரெடிட்டின் விதிகளில் ஆகப் பெரிய நட்டம் இதில்தான் இருக்கிறது. வாழ்க்கைச் செலவுக்கான மாணவர் கடனை (மெயின்டனன்ஸ் லோன்) நீங்கள் வாங்கினீர்களா என்று அங்கே பார்ப்பதில்லை. விண்ணப்பித்திருந்தால் அதிகபட்சம் எவ்வளவு கிடைத்திருக்குமோ, அதை உங்கள் வருமானமாக எடுத்துப் பெனிபிட்டில் கழிப்பார்கள்.

இன்னொரு படி மேலே போகிறது இந்த விதி. கணவனோ மனைவியோ வேலை செய்வதால், மாணவர் கடன் தரும் அரசு அமைப்பான ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் உங்கள் கடனைக் குறைத்துத் தரலாம். யூனிவர்சல் கிரெடிட் அந்தக் குறைப்பைக் கணக்கில் எடுக்காது, முழுத் தொகையே வந்ததாக வைத்துக்கொள்ளும். வருமான விவரத்தைக் கொடுக்காமல் விட்டு, குறைந்த கடனோடு நின்றுவிடுகிறவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே விண்ணப்பத்தில் வீட்டு வருமானத்தை முழுமையாகக் கொடுத்து, கிடைக்கக்கூடிய முழுக் கடனையும் எடுங்கள். 25 வயதைக் கடந்தவர்களிடமும் பிள்ளைகள் உள்ளவர்களிடமும் பெற்றோரின் வருமானத்தைக் கேட்பதில்லை. துணைவரின் வருமானம் மட்டும்தான் கேட்கப்படும்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். உங்கள் யூனிவர்சல் கிரெடிட் மாதக் கணக்கு ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி தொடங்குகிறது என்று வையுங்கள். படிப்பு செப்டம்பர் 22இல் ஆரம்பம், கோடை விடுமுறை ஜூன் 5இல் தொடக்கம். படிப்பு ஆரம்பிக்கும் மாதக் கணக்கு சேரும், விடுமுறை தொடங்கும் மாதக் கணக்கு சேராது. ஆக எட்டு மாதங்கள். கணக்கில் எடுக்கப்படும் கடன் 5,600 பவுண்ட் என்றால் மாதத்துக்கு 700. அதில் 110 பவுண்டை விட்டுவிடுவார்கள். மீதி 590 பவுண்ட் ஒவ்வொரு மாதமும் முழுசாகக் கழிபடும். கடனோ மூன்று தவணையாகத்தான் வரும், முதல் தவணை பல்கலைக்கழகத்தில் பதிவான பிறகுதான் கைக்கு வரும். தவணைப் பணத்தைப் பார்த்ததும் பழைய பாக்கிகளை அடைத்துவிட்டு, நவம்பரில் வாடகைக்குத் தடுமாறுவது இதனால்தான். தவணை வந்த அன்றே அதை மாதங்களாகப் பிரித்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள்.

கழிக்கக்கூடாத பணமும் உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். கல்விக் கட்டணக் கடன் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, அது வருமானமில்லை. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், மாற்றுத்திறனாளிகளில் சிலர் போன்றோருக்கு வாழ்க்கைச் செலவுக் கடனின் ஒரு பகுதி 'ஸ்பெஷல் சப்போர்ட்' என்று வரும். அந்தப் பகுதியையும் யூனிவர்சல் கிரெடிட் தொடக்கூடாது. எனவே ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் அனுப்பும் கடிதத்தில் இரண்டு தொகையும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்தக் கடிதத்தை யூனிவர்சல் கிரெடிட் ஜேர்னலில் (இணையக் கணக்கில் அவர்களுக்குத் தகவல் எழுதும் பகுதி) ஏற்றுங்கள். வெறும் மொத்தத் தொகையை எழுதிவிட்டால் மொத்தமும் கழிபட்டுவிடும்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பேரன்ட்ஸ் லேர்னிங் அலவன்ஸும் (பெற்றோரின் படிப்புச் செலவுக்கான உதவி) சைல்ட்கேர் கிராண்டும் (பிள்ளைப் பராமரிப்பு உதவி) இருக்கின்றன. சைல்ட்கேர் கிராண்ட் பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் வரை, ஓர் உச்ச வரம்புக்குள் தரும். யூனிவர்சல் கிரெடிட்டின் பிள்ளைப் பராமரிப்புப் பணத்தையும் இதையும் ஒருசேர வாங்க முடியாது. அந்தப் பணத்துக்குப் பொதுவாக வேலை செய்ய வேண்டும் என்பதால், முழுநேரம் படிப்பவருக்கு கிராண்ட்தான் வழி. தாதியர், மருத்துவச்சி போன்ற படிப்புகளுக்கு என்எச்எஸ் (அரசு சுகாதார சேவை) லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட் வருடம் 5,000 பவுண்டும், பிள்ளைகள் இருந்தால் மேலும் 2,000 பவுண்டும் தருகிறது. இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இதெல்லாம், முழுநேரம் படித்துக்கொண்டே யூனிவர்சல் கிரெடிட் வாங்க முடிந்தவர்களுக்கு. பிள்ளையில்லாத தனி ஆள் முழுநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தால் பொதுவாக அது நின்றுவிடும். பிள்ளைக்குப் பொறுப்பானவர்கள், மாணவரல்லாத துணைவரோடு வாழ்பவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. பிப் போன்ற இயலாமைப் பணம் வாங்குபவர்களும் இதில் அடக்கம், ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேலை செய்யும் ஆற்றல் குறைந்தவர் என்ற தீர்மானம் படிப்பு தொடங்கும் நாளுக்கு முன்னரே வந்திருக்க வேண்டும். பிப் கிடைத்தால் மட்டும் போதாது. செப்டம்பரில் படிப்பு என்றால் முந்தைய குளிர்காலத்திலேயே மருத்துவச் சான்றைக் கொடுத்து அந்த மதிப்பீட்டைக் கேட்டுவிடுங்கள். படிப்பு தொடங்கிய பிறகு கேட்டால் கதவு மூடிவிடும்.

விலக்கு இல்லாதவர்கள் பகுதிநேரப் படிப்பை யோசிக்கலாம். அதற்கும் கட்டணக் கடன் உண்டு, வேலை தேடும் நிபந்தனைகளோடு படிப்பு ஒத்துப்போனால் யூனிவர்சல் கிரெடிட்டும் தொடரும். வீட்டிலிருந்தே படிக்கும் தொலைக்கல்விக்கு மட்டும், இயலாமை காரணமாக அப்படிப் படித்தாலொழிய, வாழ்க்கைச் செலவுக் கடன் கிடைக்காது.

யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ சென்னையிலோ முன்பே பட்டம் பெற்றவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். வெளிநாட்டுப் பட்டமும் பட்டம்தான். அதே தரத்திலோ அதற்குக் கீழோ மறுபடி படிக்கப் பொதுவாகக் கட்டணக் கடன் கிடையாது. தாதியர் படிப்பு போன்ற சில துறைகளுக்கு விலக்கு இருக்கிறது. பட்டத்தை மறைத்து விண்ணப்பித்துப் பின்னால் தெரியவந்தால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அப்போது நடுவழியில் படிப்பு நிற்கும். வதிவிட விதியையும் பாருங்கள்: நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் பொதுவாக மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அந்த மூன்று வருட நிபந்தனை இல்லை.

ஏலெவல் இல்லாதவர்கள், பல்கலைக்கழகத்தில் சேரத் தயார்படுத்தும் ஆக்சஸ் டிப்ளோமா வழியாகப் போகலாம். அதற்கான அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் வருமானம் பார்க்காமல் தரப்படுகிறது. டிப்ளோமாவுக்குப் பிறகு ஒரு பட்டப்படிப்பை முடித்தால் டிப்ளோமாக் கடனில் மீதியை ரத்து செய்துவிடுவார்கள். கல்லூரியிலேயே பயணம், புத்தகம், பிள்ளைப் பராமரிப்புக்கு பேர்சரி ஃபண்ட் (உதவி நிதி) இருக்கும். அந்தப் பணம் வருட நடுவில் தீர்ந்துவிடலாம், ஆகவே சேரும் வாரத்திலேயே படிவத்தைக் கேளுங்கள்.

கடன் என்றாலே மனம் கலங்குகிறவர்களுக்கு: 2023 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் பட்டப்படிப்பைத் தொடங்குபவர்களின் கடன், வருடச் சம்பளம் 25,000 பவுண்டுக்கு மேலே போகும் பகுதியில் 9 சதவீதமாகத்தான் பிடிக்கப்படுகிறது. 27,000 சம்பளத்துக்கு மாதம் 15 பவுண்ட். சம்பளம் 25,000க்குக் கீழே இறங்கினால் பிடித்தம் இல்லை, 40 வருடத்தில் மீதி தள்ளுபடி. வட்டிக்கடை கடனோடு இதை ஒப்பிடாதீர்கள்.

கோடையை மறக்க வேண்டாம். அந்த மாதங்களில் கடன் கழிக்கப்படாததால் யூனிவர்சல் கிரெடிட் கூடும், அதோடு வேலை தேடும் நிபந்தனையும் திரும்பி வரலாம். ஜொப் சென்டர் சந்திப்பைத் தவறவிட்டால் தண்டனை விழும். கவுன்சில் டாக்ஸுக்கு (உள்ளூராட்சி வீட்டு வரி) பல்கலைக்கழகச் சான்று எடுத்துக் கொடுங்கள்: வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரி இல்லை, மாணவரல்லாதவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் குறையும்.

படிப்பு தொடங்கும் திகதியும் கடன் விவரமும் தெரிந்த அன்றே ஜேர்னலில் எழுதுங்கள், எழுதியதைப் படம் எடுத்து வைத்திருங்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் அதிகமாகக் கொடுத்த பணத்தை, தவறு அவர்களுடையதாக இருந்தாலும், திருப்பி வாங்க அவர்களுக்கு உரிமை உண்டு. அடுத்த கொடுப்பனவு விவரத்தில் மாணவர் வருமானம் கழிக்கப்படவில்லை என்றால் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம், உடனே மறுபடி எழுதிக் கேளுங்கள், அந்தத் தொகையைச் செலவழிக்காமல் ஒதுக்கி வையுங்கள்.