அடையாளம் ஒரு கேள்வி, காதல் இன்னொரு கேள்வி

மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகளைப் படித்து எந்தப் பிள்ளையும் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ மாறுவதில்லை. தன்பாலின ஈர்ப்பும் படக்கதையிலிருந்து தொற்றிக்கொள்வதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பதின்வயதினருக்கான மனநல ஆலோசகராக நான் சந்திக்கும் பெற்றோர் பலர், பிள்ளையின் செல்போனை என்னிடம் நீட்டி, "இந்த ஜப்பான் கதைங்களைப் படிச்சுத்தான் மேடம் இவ இப்படி ஆயிட்டா" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பிள்ளையிடம் தனியாகப் பேசினால், பெரும்பாலும் அந்த உணர்வு மாங்காவுக்குப் பல வருடம் முந்தியது என்று தெரியவரும். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தனக்குள்ளேயே வைத்திருந்த பிள்ளை, தன்னைப் போல ஒருவரை முதல் தடவையாக ஒரு கதையில் பார்த்திருக்கும். அவ்வளவுதான் நடந்தது.

அதனால் போனைப் பிடுங்கி வைப்பதைவிட, அந்தக் கதைகளில் என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் படித்துப் பார்ப்பது நல்லது. எல்லாமே தரமானவை என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடக் காதலை வெறும் கிளர்ச்சிக்காக வரைபவர்களும் உண்டு. ஆனால் நல்ல மாங்காக்களில் இந்த வயதைப் பற்றிய நுணுக்கமான கவனிப்பு இருக்கிறது. நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வது ஷிமுரா தகாகோ வரைந்த 'ஹோரோ முசுகோ'. 2002 முதல் 2013 வரை 'காமிக் பீம்' இதழில் தொடராக வந்து, 15 தொகுதிகளாக வெளியானது. 2011இல் அனிமே என்ற ஜப்பானிய அசைபடத் தொடராகவும் வந்தது.

கதை ஐந்தாம் வகுப்பில் தொடங்குகிறது. ஆண் பிள்ளையாக வளர்க்கப்படும் நிதோரி ஷூயிச்சிக்குப் பெண்ணாக இருக்க ஆசை. பெண் பிள்ளையாக வளர்க்கப்படும் தகாத்சுகி யோஷினோவுக்கு ஆணாக இருக்க ஆசை. இரண்டு பேரும் நண்பர்கள். நிதோரிக்குத் தகாத்சுகி மேல் காதலும் வருகிறது. பிறகு அன்னா என்ற பெண்ணோடு பழக்கமாகிறது. இந்த இடத்தில்தான் பெற்றோர் பலரும் குழம்பிப்போகிறார்கள். "பொண்ணா இருக்கணும்னு சொல்றான், அப்புறம் பொண்ணையே ஏன் பிடிக்குது? அப்போ சொன்னது பொய்தானே?" பொய் இல்லை. தான் யார் என்பது ஒரு கேள்வி. யார் மேல் மனம் போகிறது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கான பதிலை வைத்து இரண்டாவதை ஊகிக்க முடியாது. நிதோரியின் தோழமை வட்டத்திலேயே அரிகா மகோதோ என்று ஒரு பிள்ளை வருகிறது. அதற்கும் பெண்ணாக வாழத்தான் ஆசை, ஆனால் ஈர்ப்பு ஆண்கள் மேல். ஷிமுரா இதற்கெல்லாம் விளக்கவுரை எழுதவில்லை. பிள்ளைகளை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைக்கிறார்.

தகாத்சுகியின் கதைதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வளர வளர, ஆணாக வாழ வேண்டும் என்ற அந்த ஆசை தளர்கிறது. நிதோரியின் ஆசையோ நிலைத்து நிற்கிறது. ஒரே வகுப்பில் ஒன்றாகத் தொடங்கிய இரண்டு பிள்ளைகள் வேறு வேறு இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். "வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்பவர்கள் தகாத்சுகியைக் காட்டலாம்; "இது மாறவே மாறாது" என்பவர்கள் நிதோரியைக் காட்டலாம். பன்னிரண்டு வயதில் இந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று என்னாலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இன்றைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்குப் பயமில்லாமல் போய்வர வேண்டும், வீட்டில் வாய் திறந்து பேச முடிய வேண்டும். நாளைக்கு மாறினாலும் மாறாவிட்டாலும் அந்த இரண்டும் வீண்போகாது.

பிறகு சீருடை. நடுநிலைப் பள்ளியில் ஒரு நாள் தகாத்சுகி பையன்களின் சீருடையில் வருவது பெரிய கலவரமாகவில்லை. நிதோரி பெண்களின் சீருடையில் வந்ததும் பள்ளியே சிரிக்கிறது. அதன்பின் வகுப்பறைக்குப் போக முடியாமல், பள்ளியின் மருத்துவ அறைக்கு மட்டும் வந்துபோகும் நிலை வருகிறது. ஆண் உடை போட்ட பெண்ணைத் துணிச்சல்காரி என்றும், பெண் உடை போட்ட ஆணைக் கேவலம் என்றும் பார்க்கும் கண் ஜப்பானுக்கு மட்டும் சொந்தமில்லை. என்னிடம் வரும் பிள்ளைகளில் 'பொம்பள மாதிரி' என்று கேலி கேட்டே படிப்பை விடும் நிலைக்கு வந்தவர்களைப் பார்க்கிறேன்.

இந்தத் தொடர் தொடங்கியபோது ஜப்பானில் இதற்குச் சட்டமே கிடையாது. பாலின அடையாளத்தை அரசின் குடும்பப் பதிவேட்டில் மாற்ற வழி செய்யும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதுவும் இனப்பெருக்கத் திறனை நீக்கிக்கொண்டால்தான் மாற்றம் என்ற கொடுமையான நிபந்தனையோடு. அந்த நிபந்தனை அரசியலமைப்புக்கு விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 அக்டோபரில். பள்ளிகளைப் பொறுத்தவரை, கல்வி அமைச்சகம் 2014இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் பாலின அடையாளச் சிக்கல் உள்ள 606 மாணவர்கள் பற்றிய தகவல் பதிவாகியிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், உடை, முடி, கழிப்பறை, உடைமாற்றும் இடம், கூப்பிடும் பெயர், நீச்சல் வகுப்பு, சுற்றுலாவில் தங்கும் அறை என்று ஒவ்வொன்றிலும் பள்ளி எப்படி விட்டுக்கொடுக்கலாம் என்று அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. பிள்ளைகள் தினமும் அவதிப்படுவது இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான் என்பதை ஓர் அரசு ஆவணம் புரிந்து வைத்திருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. திருநம்பியான காகு கெய்தோ வரைந்த 'பாய்ஸ் ரன் த ரயட்' தொடரிலும் இதைப் பார்க்கலாம். பாவாடைச் சீருடையைத் தவிர்க்க, பள்ளிக்கு விளையாட்டு உடையிலேயே வந்து சமாளிக்கிறான் ரியோ என்ற திருநம்பி மாணவன்.

பெரியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது என்றால் 'ஷிமானாமி தசோகாரே'. கமதானி யூகி 2015 முதல் 2018 வரை வரைந்தது, நான்கே தொகுதிகள். ஹிரோஷிமா மாவட்டத்தில் கடலைப் பார்த்த மலைச்சரிவு ஊரான ஓனோமிச்சியில் நடக்கிறது. தசுகு என்ற மாணவனின் போனில் இருந்ததைப் பார்த்து, அவன் தன்பாலின ஈர்ப்புள்ளவன் என்று வகுப்பு கண்டுபிடித்துவிடுகிறது. உயிரை விடலாமா என்று நிற்கும் அவனை, யாரும் வந்து பேசிவிட்டுப் போகக்கூடிய ஒரு பொது அறை காப்பாற்றுகிறது. அந்த அறையை நடத்துபவர், நீ எதை வேண்டுமானாலும் சொல், நானாக எதையும் துருவிக் கேட்க மாட்டேன் என்கிறார். என் தொழிலில் பல வருடம் கழித்துக் கைவரும் பக்குவம் அது.

அந்தக் கதையில் என்னை உலுக்கியது, கெட்டவர்களே இல்லாமல் காயங்கள் நடப்பது. தான் ஒளித்து வாழும் வலி தெரிந்த தசுகுவே, பெண் உடை அணியும் மிசோரா என்ற சிறு பிள்ளையைக் குத்திப் பேசிவிடுகிறான். உத்சுமி என்ற திருநம்பியை, உதவி செய்கிறேன் என்று வரும் பழைய பள்ளித்தோழியே விடாமல் நோகடிக்கிறாள். நல்ல மனசோடு ஆசிரியர் அறையில் போய், "நம்ம கிளாஸ்ல ஒரு பையன் இருக்கான், பாவம், நாமதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிடும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் அது பள்ளி முழுக்கப் பரவிவிடும். பிள்ளை உங்களிடம் சொன்னது உங்களிடம் மட்டும் சொன்னது. அப்பாவிடம் சொல்லலாமா, தலைமையாசிரியரிடம் சொல்லலாமா என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். உயிருக்கு ஆபத்து இருக்கும்போது மட்டும் இது மாறும். அப்போதும் யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

"மாத்திவிடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ 'குணப்படுத்தும்' மருத்துவ முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்றே அறிவித்தது. மருந்தோ பூஜையோ கொடுத்து மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த வாசலுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அவசரம் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

சரி, பிள்ளையிடம் பேச்சை எப்படித் தொடங்குவது? "நீ அப்படியா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு வாசல்தான் உண்டு, பல பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் இருப்பார்கள். நிதோரியை உனக்கு ஏன் பிடிக்கும், தசுகு அந்த இடத்தில் அப்படிப் பேசியது சரியா என்று கதையைப் பற்றிக் கேளுங்கள். ஒன்பதாவது பத்தாவது படிக்கும் பிள்ளையோடு சேர்ந்து படிப்பதென்றால் 'ஹோரோ முசுகோ'விலிருந்து தொடங்கலாம். 'ஷிமானாமி தசோகாரே' தற்கொலை எண்ணத்தோடு தொடங்குவதால், அதை முதலில் நீங்கள் படித்துவிட்டுப் பிறகு கொடுங்கள்.